புளூ ரிட்ஜ் பார்க்வே: மலைமுகட்டின் மேல் 469 மைல்

வர்ஜீனியா மாநிலத்தின் ராக்ஃபிஷ் கணவாயில் தொடங்கி, வட கரோலினாவில் செரோக்கி ஊருக்கு அருகே ஓகோனலஃப்டி ஆற்றங்கரையில் முடியும் புளூ ரிட்ஜ் பார்க்வே 469 மைல் நீளமுள்ள சாலை. வடமுனையில் ஷெனண்டோவா தேசியப் பூங்காவையும் தென்முனையில் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவையும் தொட்டபடி, அப்பலாச்சிய மலைத்தொடரின் முகடுகளை விட்டுப் பெரும்பாலும் இறங்காமலே அது செல்கிறது. போக்குவரத்து விளக்கு ஒன்றுகூட வழியில் கிடையாது. விளம்பரப் பலகைகள் இல்லை, சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை, சுங்கமும் இல்லை. வேக வரம்பு மணிக்கு 45 மைல். பல வளைவுகளில் அதுவே அதிகம். பெட்ரோல் நிலையமும் சாலையின்மேல் இல்லாததால், குறுக்கே வரும் நெடுஞ்சாலைகளில் இறங்கித்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வட கரோலினாவில் குடியேறிய பிறகு, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் இச்சாலையின் ஏதேனும் ஒரு பகுதிக்குச் செல்வது எங்கள் குடும்பத்தின் வழக்கமாகிவிட்டது. இங்குள்ள நண்பர்கள் இதனை இயற்கையழகைக் காட்டும் சாலை என்றே சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மனிதர் கைபடாததுபோல் நம் கண்முன் விரியும் காட்சிகளில் பெரும்பாலானவற்றை யாரோ ஒருவர் வரைபடத்தில் தீர்மானித்திருக்கிறார். எந்த வளைவில் மலை தெரிய வேண்டும், எந்த மரக்கூட்டம் மறைக்க வேண்டும், எந்த வீடு நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதெல்லாம் முடிவெடுத்துச் செய்யப்பட்டவை. இதைத் தெரிந்துகொண்டு பயணம் செய்தால் சாலையின் அழகு சிறிதும் குறைவதில்லை, கூடவே அது ஒரு பெரும் மனித உழைப்பாகவும் தெரியத் தொடங்கும் என்பதே என் அனுபவம்.

பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, வேலையற்ற மலைவாழ் மக்களுக்கு வேலை தரும் திட்டங்களுள் ஒன்றாக, அதிபர் பிராங்க்ளின் ரூசவெல்ட்டின் ஆட்சியில் இச்சாலை உருவானது. தொடக்கத்திலேயே ஒரு சர்ச்சை எழுந்தது. வடபாதி வர்ஜீனியாவில்தான் என்பதில் ஐயமில்லை. தென்பாதி முழுவதும் வட கரோலினா வழியாகச் செல்வதா, டென்னசி மாநிலத்துக்கும் பங்கு தருவதா என்பதே கேள்வி. ஆய்வுக் குழு டென்னசிக்குச் சாதகமாகச் சொன்ன பிறகும், வட கரோலினாவின் நெடுஞ்சாலைப் பொறியாளர் கெட்டி பிரௌனிங் தாம் நடந்தே அறிந்திருந்த முகட்டு வழியை விடாமல் வலியுறுத்தினார். 1934 நவம்பரில் உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கிஸ் வட கரோலினா வழியையே தேர்ந்தெடுத்தார். இன்று ஆஷ்வில் நகரம் சுற்றுலாவால் வாழ்வதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். 1935 செப்டம்பர் 11 அன்று, இரு மாநில எல்லைக்குச் சற்றுத் தெற்கே கம்பர்லாந்து நாப் என்னுமிடத்தில் மண் வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டு சாலை தேசியப் பூங்காத் துறையின் பொறுப்புக்கு வந்தது.

வடிவமைப்பை ஏற்றவர் ஸ்டான்லி அபட் என்னும் நிலவடிவமைப்பாளர். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்தான் இருந்தது. அவரும் அவருடன் உழைத்தவர்களும் சாலையை மட்டும் வரையவில்லை, சாலையிலிருந்து கண்ணுக்கு எட்டும் நிலத்தையும் சேர்த்தே வரைந்தார்கள். அதனால்தான் இருபுறமும் அகலமான நிலத்தை மாநில அரசுகள் வாங்கி மத்திய அரசிடம் ஒப்படைத்தன. உழவு நடந்த இடங்கள் உழவு நிலமாகவே இருக்கட்டும் என்று குத்தகைக்கு விடப்பட்டன. வெட்டவெளியில் மேயும் மாடுகளும், கட்டைகளைப் பிளந்து குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய வேலிகளும் இன்றும் தெரிவதற்கு அந்த ஏற்பாடே காரணம். அந்த வேலிகளில் பழையவை அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தால் ஆனவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு பூஞ்சை நோய் இம்மலைகளின் செஸ்ட்நட் காடுகளை அடியோடு வீழ்த்தியது. எளிதில் மக்காத அதன் கட்டைகள் மட்டும் வேலிகளாக எஞ்சின. மறுபுறம், சாலைக்காக நிலம் கொடுத்த உழவர்களுக்கு அதே சாலையில் தங்கள் வண்டியை ஏற்றவோ ஓரத்தில் கடை போடவோ உரிமை இல்லாமற்போனது. அவர்களின் மனக்குறை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இச்சாலையில் முகவரி என்பது மைல்கல்தான். எண்கள் வடக்கிலிருந்து தெற்காக ஏறுகின்றன. 5.8ஆம் மைலில் ஹம்பேக் ராக்ஸ்: செங்குத்தாக ஏறும் குறுகிய நடைபாதை, உச்சியில் துருத்தி நிற்கும் பாறைத்திட்டு. 53ஆம் மைலில் பிளஃப் மலைச் சுரங்கவழி வருகிறது. மொத்தமுள்ள 26 சுரங்கவழிகளில் வர்ஜீனியாவில் இருப்பது இது ஒன்றே. பிறகு சாலை ஜேம்ஸ் ஆற்றை நோக்கி இறங்கி, 63ஆம் மைலை ஒட்டிக் கடல்மட்டத்திலிருந்து 649 அடி என்னும் தன் மிகத் தாழ்ந்த இடத்தைத் தொடுகிறது. ரயில் வருவதற்கு முன் மலைக்கு அப்பால் சரக்குப் படகுகளைக் கொண்டுபோக வெட்டிய கால்வாயின் மதகு ஒன்று அங்கே செப்பனிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. ஆற்றைக் கடந்ததும் ஏற்றம்தான். ஏறத்தாழ 13 மைலில் ஆப்பிள் ஆர்ச்சர்ட் மலையருகே 3,950 அடிக்குச் சாலை உயர்ந்துவிடும். வர்ஜீனியாப் பகுதியில் அதுவே மிக உயர்ந்த இடம். கீழே கோடையாக இருக்கும் அதே நாளில் மேலே சட்டைக்குமேல் ஏதாவது போட்டுக்கொள்ளத் தோன்றும். 86ஆம் மைலில் பீக்ஸ் ஆஃப் ஆட்டர் மலைகளும், அவற்றின் அடியில் அபட்டின் பெயரைத் தாங்கிய சிறு ஏரியும் உள்ளன. அந்த ஏரி தானாகத் தேங்கியதன்று, சாலை வந்தபின் அமைக்கப்பட்டது.

ரோனோக் நகரத்தைத் தாண்டியதும் நிலத்தின் குணம் மாறுகிறது. அதுவரை கத்தி முனைபோல் ஒடுங்கியிருந்த முகடு இப்போது ஒரு பீடபூமியின் விளிம்பாகிறது. இடப்புறம் சமவெளி சட்டென்று கீழே விழ, வலப்புறம் புல்வெளிகளும் சிற்றூர்களும் விரிகின்றன. சுரங்கவழி, பாறைச்சுவர் என்று எதுவும் இல்லாத இப்பகுதியை அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். உழவர் வாழ்க்கையைச் சாலையோரத்திலேயே பார்க்கக் கிடைப்பது இங்கேதான்.

176ஆம் மைலில் இருக்கும் மேப்ரி மில், சாலை முழுவதிலும் அதிகமாகப் படமெடுக்கப்படும் இடங்களுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட் மேப்ரி என்பவர் கட்டிய நீர்ச்சக்கர ஆலை இது. அவரும் மனைவி லிசியும் ஊராருக்குச் சோளம் அரைத்துக் கொடுத்தார்கள். மரம் அறுத்தல், கொல்லுவேலை எல்லாம் அங்கேயே நடந்தன. ஆலைக்கு முன்னுள்ள குளத்தில் அதன் நிழல் விழும் காட்சியைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். அருகே மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு பழைய வீடும் இருக்கிறது. அது மேப்ரி தம்பதியர் வாழ்ந்த வீடு அன்று. அவர்கள் வாழ்ந்தது பலகைச் சுவர் வைத்த, அக்காலத்துக்குப் புதுமாதிரியான வீடு. பூங்காத் துறை அதை அப்புறப்படுத்திவிட்டு, வேறிடத்திலிருந்து ஒரு மரக்கட்டை வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியது. மலைமக்கள் என்றால் மரக்கட்டை வீட்டில் வாழும் பழங்காலத்தவர் என்று பயணிகள் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்புக்கு ஏற்பக் காட்சி திருத்தப்பட்டது. ஆலையின் அழகை நானும் நெடுநேரம் நின்று பார்ப்பதுண்டு. எனினும், நாளிதழ் படித்து, ரயிலில் பொருள் வரவழைத்து, தம் காலத்தோடு ஒட்டி வாழ்ந்த மக்களைக் காலத்துக்கு வெளியே நிறுத்திவைத்தது சரியான செயலாக எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்து சற்றுத் தெற்கே, 189.9ஆம் மைலில், ஓர்லீனா பக்கெட் என்பவரின் பெயரால் வழங்கும் சிறு வீடு ஒன்று நிற்கிறது. அவர் மருத்துவச்சி. ஏறத்தாழ ஐம்பது வயதில் பேறு பார்க்கத் தொடங்கி, குதிரையிலும் நடையிலும் மலை முழுவதும் சென்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை உலகுக்குக் கொண்டுவந்தவர். அவர் பெற்ற பிள்ளைகள் 24 பேர். ஒருவரும் குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை. தாயின் ரத்தமும் கருவின் ரத்தமும் ஆர்.எச். வகையில் ஒவ்வாமற்போனதே காரணமாக இருக்கலாம் என்று இன்று கருதுகிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அங்குள்ள பலகையைப் படித்துச் சொன்னேன். "ஒண்ணுகூடவா தங்கலை?" என்று கேட்டவர், அதன்பிறகு அந்த வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். காட்சி முனைகளைவிட அந்த இடத்தைத்தான் அவர் இன்றும் தொலைபேசியில் நினைவுபடுத்துகிறார்.

213ஆம் மைலில், கேலக்ஸ் ஊருக்கு அருகே, மலைநாட்டு இசைக்கென்று ஒரு மையம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாஞ்சோவும், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் ஃபிடிலும் இம்மலைகளில் சேர்ந்த கதையை அங்கே விரிவாகச் சொல்கிறார்கள். கோடை மதியங்களில் உள்ளூர்க் கலைஞர்கள் வந்தமர்ந்து வாசிப்பார்கள். கட்டாயம் நேரம் ஒதுக்க வேண்டிய இடம். அடுத்து வட கரோலினா எல்லை, முதல் மண் வெட்டிய கம்பர்லாந்து நாப், 241ஆம் மைலைச் சுற்றி அகன்ற புல்வெளிகளைக் கொண்ட டௌட்டன் பூங்கா. 294ஆம் மைலில், டெனிம் துணி ஆலைகளால் பெருஞ்செல்வரான மோசஸ் கோனின் வெண்ணிற மாளிகையும், அவர் குதிரை வண்டிக்காக அமைத்த 25 மைல் பாதைகளும் உள்ளன. அப்பாதைகளில் ஏற்றம் உறுத்தாது. வயதானவர்களை அழைத்துச் சென்றால் நடக்க இதைவிட நல்ல இடம் இச்சாலையில் இல்லை.

இனி, இச்சாலையில் நான் மிகவும் மதிக்கும் இடம். 1960களின் முடிவுக்குள் பார்க்வேயின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. கிராண்ட்ஃபாதர் மலையைச் சுற்றிய 7.7 மைல் மட்டும் இணையாமல் நின்றது. மலைச்சரிவின் உயர்ந்த பகுதியில் வெட்டிச் செல்வது பொறியாளர்களின் திட்டம். மலை அப்போது ஹியூ மோர்ட்டன் என்பவருக்குச் சொந்தம்; உயரத்தில் வெட்டினால் ஆறாத வடுவாகிவிடும் என்று அவர் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார். இறுதியில் இரு தரப்பும் சரிவின் இடையே செல்லும் ஒரு வழிக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்த வழியில் லின் கோவ் என்னும் இடத்தில் மிகப் பழமையான பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. வெட்டினால் சரிவு குலையும். மண் கொட்டி மேடாக்கினால் காடு அழியும். ஆகவே நிலத்தைத் தொடாமலே கடக்க முடிவு செய்தார்கள்.

ஃபிக் அண்ட் முல்லர் நிறுவனம் வடிவமைத்த லின் கோவ் உயர்பாலம், 304ஆம் மைலில், 1,243 அடி நீளத்துக்கு மலையின் தோளைச் சுற்றி இருமுறை வளைந்து செல்கிறது. 153 கான்கிரீட் துண்டுகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 டன். வளைவும் சாய்வும் அடிக்கு அடி மாறுவதால் எல்லாத் துண்டுகளிலும் ஒன்றே ஒன்றுதான் நேரான சதுர வடிவம் கொண்டது. அருகில் வார்த்த துண்டுகளை, ஏற்கெனவே முடிந்த பாலத்தின் மேலேயே கொண்டுவந்து, அதன் நுனியிலிருந்து அந்தரத்தில் நீட்டி, பூத்தொடுப்பதுபோல் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்தார்கள். தூண்களை நிறுத்தும் ஆட்களும் கருவிகளும்கூட மேலிருந்துதான் இறக்கப்பட்டன. கீழே நிலத்தில் நடந்த வேலை, ஏழு தூண்களுக்கு அடித்தளம் தோண்டியது மட்டுமே; லாரி செல்லப் பாதை வெட்டவில்லை. பாறையின் நிறத்தோடு ஒன்றும்படி கான்கிரீட்டில் இரும்பு ஆக்சைடு கலந்தார்கள். 1979இல் தொடங்கிய பாலம் 1983இல் முடிந்தது. எஞ்சிய இணைப்புகளும் முடிந்து, 1987 செப்டம்பர் 11 அன்று, முதல் மண் வெட்டி சரியாக 52 ஆண்டுகள் கழித்து, 469 மைலும் ஒரே சாலையாயின. பாலத்தின்மேல் வண்டியில் போகும்போது அதன் அருமை தெரியாது. தென்முனையில் நிறுத்திவிட்டு, பாலத்தின் அடியே செல்லும் டனாவா நடைபாதையில் சிறிது தூரம் நடந்து, பாறைகளின் நடுவிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு மலையை வெல்லாமல் அதனருகே கடந்துபோக எவ்வளவு அறிவும் பொறுமையும் தேவைப்பட்டன என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது.

316ஆம் மைலில் லின்வில் அருவி. ஆறு இரு கட்டங்களாக விழுந்து ஆழ்ந்த பள்ளத்தாக்கினுள் நுழைகிறது. அருவியைச் சுற்றிய காடு ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியரின் நன்கொடையால் பூங்காவுக்குக் கிடைத்தது. 355ஆம் மைலில் பார்க்வே அதுவரை பற்றிவந்த புளூ ரிட்ஜ் முகட்டை விட்டு விலகுகிறது. இங்கிருந்து பிரியும் கிளைச்சாலை, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயர்ந்த சிகரமான மிட்செல் மலைக்கு, 6,684 அடிக்கு, இட்டுச் செல்லும். வட கரோலினாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எலிஷா மிட்செல், காற்றழுத்தமானியைச் சுமந்து ஏறி, இதுவே கிழக்கின் உயரமான மலை என்று நிறுவ முனைந்தார். அவருடைய மாணவராக இருந்த தாமஸ் கிளிங்மன் மறுத்தார். தம் அளவைச் சரிபார்க்க 1857இல் மீண்டும் மலையேறிய மிட்செல், தனியே செல்கையில் ஓர் அருவியருகே தவறி விழுந்து இறந்தார். அவர் கல்லறை சிகரத்தின்மேலேயே இருக்கிறது. இதற்காக முதன்மைச் சாலையை விட்டு விலகும் நேரம் வீணாகாது.

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் சூறாவளி இந்த மலைகளைத்தான் தாக்கியது. மிட்செல் மலையை ஒட்டிய யான்சி மாவட்டத்தில் சில நாட்களுக்குள் 30 அங்குலம் அளவுக்கு மழை கொட்டியது. பார்க்வே முழுவதும் மூடப்பட்டது. வட கரோலினாப் பகுதியில் பல இடங்களில் சரிவு பெயர்ந்து சாலையையே எடுத்துச் சென்றது. பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. அதன்பின் பகுதி பகுதியாகத் திறந்து வருகிறார்கள். எனவே எந்தப் பருவத்தில் சென்றாலும், புறப்படும் நாளன்று பூங்காத் துறை வெளியிடும் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் பனிக்கட்டி உறைந்தாலும் உயர்ந்த பகுதிகளை மூடிவிடுவார்கள்.

364ஆம் மைலின் கிராகி தோட்டங்களில் ஜூன் நடுவில் கட்டாபா ரோடோடென்ட்ரான்கள் மலைச்சரிவு முழுவதும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். நீலகிரியின் சோலைகளில் செந்நிறமாய்ப் பூக்கும் ரோடோடென்ட்ரானும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. 382ஆம் மைலில் ஆஷ்வில் எல்லையில் நாட்டார் கலை மையம். அங்கே நெசவு, மண்பாண்டம், மரச்செதுக்கு எல்லாவற்றையும் செய்பவர்களையே சந்திக்கலாம்.

ஆஷ்விலுக்குத் தெற்கே எழுபது மைலுக்கும் மேற்பட்ட வழியை ஒரே மூச்சில் கடக்கக் கூடாது. சுரங்கவழிகள் அடுத்தடுத்து வருவது இங்கேதான். மலையை ஆழமாக வெட்டி வடுப்படுத்துவதைவிடத் துளைத்துச் செல்வதே மேல் என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்ததன் பலன் இவை. 408ஆம் மைலில் பிஸ்கா மலை. 417ஆம் மைலில் காட்டின் நடுவே வழவழப்பாக எழும் லுக்கிங் கிளாஸ் பாறை. அதன்மேல் கசியும் நீர் குளிரில் உறைந்தால் வெயிலில் கண்ணாடியாய் மின்னும். 418.8ஆம் மைலில் கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ் எனப்படும் பள்ளத்தாக்கு, 1925இல் மரம் வெட்டிய கழிவுகளோடு எரிந்துபோனது. மண்ணே கருகியதால் இன்னும் அங்கே அடர்ந்த காடு திரும்பவில்லை, அவுரிநெல்லிப் புதர்கள் பரந்திருக்கின்றன. 431.4ஆம் மைலில் ரிச்லாந்து பால்சம், 6,053 அடி, பார்க்வேயின் உச்சி. சுற்றிலும் ஃபிரேசர் ஃபிர் மரங்களின் வெளுத்த எலும்புக்கூடுகள் நிற்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு நுண்பூச்சி அவற்றை உறிஞ்சிக் கொன்றது. எல்லோரும் அறிவிப்புப் பலகையருகே நின்று படமெடுக்கும் அந்த இடத்தில், அடியில் முளைத்து வரும் இளம் ஃபிர் கன்றுகளையும் பார்க்க வேண்டுகிறேன்.

கடைசிப் பகுதி செரோக்கி மக்களின் நிலம். 1838இல் அமெரிக்க அரசு செரோக்கிகளைத் துப்பாக்கி முனையில் மேற்கே துரத்தியபோது, இம்மலைகளில் எஞ்சியவர்களின் வழிவந்தோர் கிழக்குச் செரோக்கிக் குழுவினர். அவர்களுடைய குவாலா நிலத்தின் வழியாகச் செல்ல விரும்பிய பார்க்வே, முதலில் குறிவைத்தது சோகோ பள்ளத்தாக்கை. மலைகளுக்கு நடுவே உழவுக்கு ஏற்ற நிலம் அங்கேதான் இருந்தது. அகன்ற பட்டையாக அதை எடுத்துக்கொண்டு, அதன் இருபுறமும் கடைவைக்கும் உரிமையையும் மறுத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று குழுவின் துணைத்தலைவர் ஃபிரெட் பாயர் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். குழுவின் அவை இணங்க மறுத்தது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 1939இல், பள்ளத்தாக்கை விட்டுவிட்டு முகட்டின் வழியே பார்க்வே செல்லவும், பள்ளத்தாக்கில் செரோக்கிகளும் கடை வைத்துப் பிழைக்கும்படி மாநில அரசு சாதாரண நெடுஞ்சாலை ஒன்றை அமைக்கவும் உடன்பாடு ஏற்பட்டது; 1940இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி அதை உறுதிசெய்தது. 451ஆம் மைலின் வாட்டர்ராக் நாப் முதல் சாலை இவ்வளவு உயரத்தில், ஸ்மோக்கி மலைகளை முழுதாகக் காட்டியபடி செல்வதற்குக் காரணம் பொறியாளரின் அழகுணர்ச்சி மட்டுமன்று. தம் நிலத்தைக் காத்துக்கொண்ட அந்த மக்களின் மறுப்பும்தான். இறுதி இறக்கத்துக்கு முன் சோகோ கணவாயில் பார்க்வேயை விட்டு இறங்கி, அந்தப் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை வழியாகவும் ஒருமுறை செரோக்கி ஊருக்குச் செல்லுங்கள். அங்குள்ள செரோக்கி அருங்காட்சியகத்தையும் கைவினைக் கூட்டுறவுக் கடையையும் பார்த்தபின், ஓகோனலஃப்டி ஆற்றருகே 469ஆம் மைல்கல்லுக்கு வரலாம்.